புளிச்ச மாவுக்கு அழுதவ

மூக்கப் பொத்திக்கணும்னா பொத்திக்க பாப்பா, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். வாடை இந்தத் தூக்குச்சட்டியில இருந்துதான் வருது. கெட்டுப்போன சாமான் இல்ல. மாவு. ரொட்டி சுடுற மாவு. மூடியப் போட்டு இறுக்க முடியாது, இறுக்குனா மூடியத் தள்ளிவிட்டுட்டு வெளிய வந்துரும். முந்தாநாளு அப்படித்தான் அடுப்பங்கரைச் செவுரெல்லாம் தெறிச்சுக் கெடந்துச்சு. அதான் துணியக் கட்டி மடியிலயே வச்சிருக்கேன். மேல வைங்கம்மான்னு டி.டி.ஆர் சொன்னாரு. மாட்டேன்னுட்டேன்.

நீ சாப்புடு. டப்பாவத் திறந்து வச்சுக்கிட்டு என் மொகத்தப் பாத்துக்கிட்டு இருக்காத. புளியோதரையா? உங்கம்மா கிண்டுனதா? நல்லெண்ணெய் வாசம் நல்லாத்தான் இருக்கு. எனக்கு வேண்டாம் தாயி. மதுரையில ஏறையில ஒரு காப்பி குடிச்சேன், தாம்பரம் வரைக்கும் அது தாங்கும். நீயும் தாம்பரமா? அப்பச் சரி. இறங்குறப்ப இந்தப் பையி மட்டும் ஒரு கை பிடி, தூக்கு நான் வச்சுக்குறேன்.

யாருக்கு மாவு கொண்டு போறேன்னு கேக்குற. என் தம்பி பொண்டாட்டிக்கு. நாளைக்கு விடியக்காலம் பிளேன் ஏறுறா. அவ ஊருக்குப் போறா. ஆர்மீனியா. கேள்விப்பட்டிருக்கியா? நானும் கேள்விப்பட்டதில்ல, என் தம்பி டாக்டருக்குப் படிக்க அங்க போற வரைக்கும். நம்ம பக்கத்துப் பிள்ளைக நெறய அங்க போய்ப் படிக்குதுக. என் தம்பி படிப்போட சேத்து ஒரு பொண்ணையும் கூட்டிக்கிட்டு வந்தான். பேரு ஹஸ்மிக். அவுக பாஷையில மல்லிப்பூன்னு அர்த்தமாம். எனக்கு அந்த ஹ வராது, மல்லின்னே கூப்பிட்டேன்.

அவளுக்கு நான் வர்றது தெரியாது. போன் போட்டா எடுக்க மாட்டேங்குறா. நாப்பது தடவையாச்சும் போட்டிருப்பேன். என்ன கோவமோ. கோவப்பட வேண்டியது நானு. கேளு, நீயே சொல்லு, நியாயத்த நீயே சொல்லு. கட்டுன புருஷன் செத்துக் கெடக்கான். நடு வீட்டுல போட்டிருக்கு. ஊரே கூடி அழுகுது. இவ தலைமாட்டுல உக்காந்துக்கிட்டு ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. ஒரு சொட்டு. கல்லு மாதிரி உக்காந்திருந்தா. வந்த பொம்பளைக எல்லாம் என்னையப் பாக்குறாளுக, அவளப் பாக்குறாளுக. எனக்கு மானம் போகுது. அன்னைக்குச் சாயங்காலம் அவ அழுதா. எதுக்கு அழுதா தெரியுமா? புளிச்ச மாவுக்கு. ஒரு பாட்டில் புளிச்ச மாவுக்கு நடுத்தெருவுல உக்காந்து அப்படி அழுதா.

இந்த மாவுதான். அதச் சொல்லணும்னா முன்னாடி இருந்து சொல்லணும்.

என் பேரு பஞ்சவர்ணம். தம்பி பேரு பூமிநாதன். எனக்கும் அவனுக்கும் பத்தொம்பது வயசு வித்தியாசம். அவன் நாலு வயசா இருக்கையில எங்கம்மா போயிருச்சு, அப்பா அதுக்கு முந்தியே. அப்புறம் நான்தான். எனக்குக் கல்யாணம் காச்சின்னு ஒண்ணும் அமையல. அவன வச்சுக்கிட்டு நான் அதத் தேடவும் இல்ல. சத்துணவுல சமையல் வேலை. முப்பத்தோரு வருஷம். இந்தக் கையால ஆக்குன சாம்பாரக் குடிச்ச பிள்ளைக இன்னைக்கு மதுரையில பாதிப் பேரு இருக்கும். ஒரு நாளு ஒரு பிள்ளைக்கு வாந்தின்னு வந்ததில்ல. பழசு தங்க விட மாட்டேன். அண்டாவ வழிச்சு, தேச்சுக் கழுவி, கவுத்திட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவேன். ஒரு பருக்க ஒட்டியிருந்தாலும் எனக்குத் தூக்கம் வராது.

அப்படிப்பட்டவ வீட்டு பிரிஜ்ஜுல, வந்த மூணாம் நாளே இவ ஒரு கண்ணாடிப் பாட்டில வைக்குறா. தொறந்தா குப்புன்னு ஒரு வாடை. என்னடா இதுன்னு பூமிகிட்டக் கேட்டேன். அது அவ வீட்டு மாவு க்கா, ரொட்டிக்குப் புளிப்பு, அவுக அம்மா வீட்டுல எத்தனையோ வருஷமா விடாம வச்சிருக்காக, கொஞ்சத்தக் காயவச்சு துணியில முடிஞ்சு கொண்டாந்திருக்கா, அப்படின்னான். சீதனமா நகை கொண்டுட்டு வருவாக, பாத்திரம் கொண்டுட்டு வருவாக. இவ புளிச்ச மாவக் கொண்டாந்தா. நான் தெருவெல்லாம் சொல்லிச் சிரிச்சேன்.

அதுக்குத் தினமும் சாப்பாடு போடணுமாம். ஒரு கரண்டி மைதா, கொஞ்சம் வெதுவெதுன்னு தண்ணி. சாப்பாடுன்னே சொல்லுவாக ரெண்டு பேரும். "மாவுக்குச் சாப்பாடு போட்டாச்சா?"ன்னு அவன் கேப்பான், "போட்டாச்சு"ம்பா. என் காதுல விழுகும். மனுசனுக்கே சாப்பாடு போட ஆளில்லாத ஊருல மாவுக்குச் சோறு ஊட்டுறாகளேன்னு கேலி பண்ணுவேன். அவ கோவிச்சுக்க மாட்டா. அவளுக்கு அப்பத் தமிழு பாதிதான் புரியும், புரியாத பாதிக்கும் சேத்துச் சிரிச்சு வைப்பா.

ரொட்டி பேரு மத்னகாஷ். விரலால இழுத்ததுன்னு அர்த்தமாம், பூமி சொன்னான். மாவ நம்ம பரோட்டாவுக்குப் பிசையுற மாதிரி இறுக்கமாப் பிசையக் கூடாது. தொளதொளன்னு இருக்கும். துணியப் போட்டு மூடி வச்சிருவா. பொங்கி வரும். தட்டி இறக்கி, திரும்பவும் மூடி வைப்பா. ஒரு முழு ரொட்டிக்குக் காலையில ஆரம்பிச்சா சாயங்காலம் ஆகும். அப்புறம் கட்டிலுத் தலகாணி மாதிரி ஒரு வடிவம் பண்ணி, டீத்தூளக் கொதிக்கவச்ச தண்ணியில சர்க்கரையக் கரைச்சு மேல பூசுவா, நெறத்துக்கு. கடைசியில விரல நனைச்சு, ஓரத்தச் சுத்தி ஒரு பள்ளம், நடுவுல நீளமா வரி வரியாப் பள்ளம். உழவு போட்ட வயக்காடு மாதிரி இருக்கும். அந்த விரல் போடுற வேலையப் பூமிதான் செய்வான். அவ விட்டுக் குடுத்திருந்தா.

அவன் போட்ட வரி எதுன்னு பாத்ததும் தெரிஞ்சிரும். அவனுக்கு வலது கை மோதிர விரலு பாதிதான். அந்தப் பாதி போனது என்னாலதான். அம்மா செத்த வருஷம், வீட்டுக்குப் புதுசா கிரைண்டர் வந்திருந்துச்சு. இட்லிக்குப் போட்டுட்டு, குழாயில தண்ணி வந்துருச்சுன்னு குடத்தத் தூக்கிக்கிட்டு ஓடுனேன். பிள்ளை பெல்ட்டுக்குள்ள கைய விட்டுட்டான். குடம் நெறையுறதுக்குள்ள விரலு போயிருச்சு. அதனால அவன் நாலு விரலாலயும் இழுத்தா மூணு வரி ஆழமா விழுகும், ஒண்ணு லேசா, பாதியிலயே நின்னு போன மாதிரி இருக்கும். மல்லிக்கு அதப் பாத்தா அம்புட்டுச் சிரிப்பு. எனக்கு அந்த ரொட்டியப் பாக்கவே பிடிக்காது. ஏன்னு அவுக ரெண்டு பேருகிட்டயும் சொன்னதில்ல.

ஒரு தடவ, அவளுக்கு ஒத்தாசையா இருக்கட்டுமேன்னு பாட்டில் மாவு பூராத்தையும் வழிச்சுப் பிசையுற சட்டியில போட்டுட்டேன். சுத்தமா வழிச்சேன், என் பழக்கம் அது. அவ பதறி ஓடி வந்தா பாரு. சட்டியில இருந்து ஒரு பிடிய அள்ளித் திரும்பப் பாட்டிலுக்குள்ள போட்டா. "அக்கா, முழுசும் இல்ல. கொஞ்சம் வைக்கணும். எப்பவும் கொஞ்சம் வைக்கணும்." அவ முழுசாப் பேசுன முதல் தமிழு வாக்கியம் அதான்னு நினைக்கேன். எனக்குச் சுருக்குன்னு வந்துச்சு. என் அடுப்பங்கரையில நின்னுக்கிட்டு எனக்கு இவ பாடம் எடுக்குறாளேன்னு வந்துச்சு.

திண்டுக்கல்லா இது? சன்னல இறக்கிவிடு பாப்பா, வெயிலு தூக்கு மேல விழுகுது. சூடு பட்டா இது இன்னும் துள்ளும்.

எங்க விட்டேன். ஆங். ரெண்டு வருஷம் நல்லாத்தான் போச்சு. போன சித்திரையில பூமிக்கு உடம்பு முடியாமப் போச்சு. ரத்தத்துல புத்து. அவனே டாக்டரு, அவனே ரிப்போர்ட்டப் படிச்சான், அவனே எங்க ரெண்டு பேருக்கும் சொன்னான். எட்டு மாசம் இருந்தான். அந்த மருந்து ஏத்துனதுக்கு அப்புறம் சோத்தக் கண்டா குமட்டுதுன்னுட்டான். நான் சோறு பொங்கி நெய் விட்டுப் பிசைஞ்சு கொண்டு போவேன். அயிரை மீனுக் குழம்பு, அவனுக்கு உசுரு அது. வாசல்ல வரும்போதே "எடுத்துட்டுப் போயிரு க்கா"ம்பான். முப்பத்தோரு வருஷம் ஊருப் பிள்ளைகளுக்கு ஆக்கிப் போட்டேன், நான் வளத்த பிள்ளை என் கைச் சோத்தத் தொடல.

அவ ரொட்டி மட்டும் இறங்குச்சு. சூடான பாலுல தோய்ச்சு ரெண்டு துண்டு, மூணு துண்டு. அவ மூணு நாளைக்கு ஒருக்காச் சுட்டா. மாவுக்குச் சாப்பாடு போடுற வேலைய அவன் எடுத்துக்கிட்டான். பாட்டில மடியில வச்சுக்கிட்டு, ஒரு கரண்டி மைதாவப் போட்டு, தண்ணிய ஊத்தி, மெல்லக் கிண்டிக்கிட்டே இருப்பான். அந்த மாவோட பேசுவான். அவ பக்கத்துல தலையச் சாய்ச்சு உக்காந்திருப்பா. நான் கதவு நிலையில நின்னு பாத்துக்கிட்டு இருப்பேன். அவன் சாப்புட்டா எனக்குச் சந்தோசந்தான். சந்தோசந்தான் பாப்பா, அதுல பொய்யில்ல. ஆனா வயிறு எரியும். ரெண்டும் ஒண்ணா இருக்கும், ஒனக்கு இப்பப் புரியாது.

போறதுக்கு ஒரு வாரம் முன்னாடி, மல்லி மருந்துக் கடைக்குப் போயிருக்கா. "அக்கா, மைதா டின்ன இங்க எடுத்துட்டு வா"ன்னான். எதுக்குடான்னேன். "எடுத்துட்டு வாயேன்." கொண்டு போய் மடியில வச்சேன். நான் கஞ்சி வச்சு ஆத்திட்டு வர்றதுக்குள்ள, முழங்கை வரைக்கும் மாவு, வேட்டியெல்லாம் மாவு. சின்னப் பிள்ளை மண்ணுல விளையாடுன மாதிரி உக்காந்திருக்கான். டின்ன மூடி எங்கிட்ட நீட்டுனான். "இதப் பத்திரமா வைக்கா. யாரு கையும் படாம." மைதாவுக்கு என்னடா பத்திரம், வண்டா தூக்கிட்டுப் போகப் போகுதுன்னேன். சிரிச்சான். "சொன்னா வையேன் க்கா, தூக்கிப் போட்றாத"ன்னான். புத்தி தடுமாறுது பிள்ளைக்குன்னு நினைச்சேன். பரண்ல ஏத்தி வச்சேன். அதோட மறந்துட்டேன்.

மார்கழி கடைசியில போயிட்டான். விடியக்காலம்.

ஆளு போனதும் எனக்கு வேலை தலைக்கு மேல. யாருக்கு அழுக நேரம்? சொந்தக்காரங்களுக்குச் சொல்லணும், பந்தல் போடணும், வந்தவுகளுக்குக் காப்பி, அவனக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்கக் குடம். எல்லாத்தையும் நான்தான் பாத்தேன். சாயங்காலம் நாலு மணிக்கு எடுத்தாக. தூக்குனதும் பொம்பளைக வீட்டக் கழுவணும்ல. எங்க பக்கம் வழக்கம் ஒனக்குத் தெரியுமோ என்னமோ. சாவு விழுந்த வீட்டுல ஈரச் சாமான் ஒண்ணும் இருக்கக் கூடாது. ஆக்குன சோறு, ஆட்டுன மாவு, குடத்துத் தண்ணி, உறை ஊத்துன தயிரு, எல்லாத்தையும் கொட்டிறணும். காஞ்ச சாமானுக்குத் தீட்டில்ல. அரிசி, பருப்பு, மைதா இருக்கலாம். நான் ஒண்ணும் புதுசாச் செய்யல. எங்கம்மா செத்தப்பயும் கொட்டுனோம், அப்பா செத்தப்பயும் கொட்டுனோம்.

மல்லி தெரு முக்கு வரைக்கும் போயி நின்னுக்கிட்டு இருக்கா, பொம்பளைக அதுக்கு மேல போகக் கூடாதுல்ல. நான் எதிர்வீட்டு ராசாத்தியக் கூட்டிக்கிட்டு பிரிஜ்ஜத் தொறந்தேன். இட்லி மாவு, பாலு, ரசம், எல்லாத்தையும் எடுத்து வாளியில ஊத்துனா. அந்தப் பாட்டில எடுத்தா. "இது என்ன மதினி, இதையுமா?"ன்னா. கேட்டா பாப்பா. ராசாத்தி ஒரு வார்த்தை கேட்டா. "மாவுதான அது, கொட்டு"ன்னேன். அன்னைக்கு ஏன் அப்படிச் சத்தமாச் சொன்னேன்னு தெரியல. ரெண்டு நாளு முந்திச் சுட்ட ரொட்டி அரை ரொட்டி இருந்துச்சு, அதையும் போட்டேன். அதுல மூணு வரியும் பாதி வரியும் இருந்ததையெல்லாம் நான் எங்க பாத்தேன். எல்லாத்தையும் தெருவோரச் சாக்கடையில ஊத்தி, ரெண்டு குடம் தண்ணி ஊத்திக் கழுவிவிட்டாச்சு.

அவ திரும்பி வந்தா. நேரா அடுப்பங்கரைக்குப் போனா. பிரிஜ்ஜத் தொறந்தா, மூடுனா, தொறந்தா. கழுவிக் கவுத்தியிருந்த பாட்டிலப் பாத்தா. என்னையப் பாத்தா. "எங்க அக்கா?"ன்னா. நான் கையக் காட்டுனேன். ஓடுனா. சாக்கடை ஓரத்துல முட்டிய மடிச்சு உக்காந்து, கைய உள்ள விட்டு அள்ளுறா பாப்பா. சாக்கடைத் தண்ணிய. சேத்த அள்ளி அள்ளி மோந்து பாக்குறா. அழுதா பாரு, காலையில இருந்து சேத்து வச்ச அழுகை எல்லாம் அங்க வருது. ஊரே வேடிக்கை பாக்குது. நான் போய் கையப் பிடிச்சு இழுத்தேன். "ஊரு பாக்குது, எந்திரி. புருஷனுக்கு அழுகல, மாவுக்கு அழுகுறியா"ன்னு கேட்டேன். எல்லாரும் கேக்குற மாதிரிதான் கேட்டேன். அவளுக்குத் தமிழு நல்லாப் புரிய ஆரம்பிச்சிருந்துச்சு அப்ப.

பதினாறு முடியுற வரைக்கும் இருந்தா. ஒரு பேச்சுப் பேசல. நான் வச்ச சோத்தத் தின்னா, தட்டக் கழுவி வச்சா. பதினெட்டாம் நாளு பூமியோட கூடப் படிச்ச பிரான்சிஸ்சு தம்பி வந்து தாம்பரத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருச்சு. ஊருக்குப் போக காகிதமெல்லாம் தயார் பண்ணணுமாம். போறப்ப என் காலத் தொட்டுக் கும்பிட்டா. பூமி சொல்லிக் குடுத்திருந்தது அது. நல்லா இருன்னு சொல்லியிருக்கலாம். அவ மேல அம்புட்டுக் கோவம் எனக்கு.

திருச்சி வந்துருச்சா? இந்தா, இதக் கொஞ்சம் மடியில வச்சுக்க. சாய்ச்சிராத. பைக்குள்ள மைதா ஒரு சின்னப் பொட்டலம் இருக்கு, பிளாஸ்குல வெந்நி இருக்கு. ஒரு கரண்டி போட்டுர்றேன். சாப்பாட்டு நேரம் அதுக்கு. சிரிக்காத. சரி, சிரிச்சுக்க.

ம். நாப்பதாம் நாளு முடிஞ்சு, வீட்டுல நான் மட்டும் இருக்கேன். ஒத்த ஆளுக்கு எதுக்கு இம்புட்டு மைதான்னு, எடுத்து ராசாத்திகிட்டக் குடுத்துருவோம்னு அந்த டின்ன பரண்ல இருந்து இறக்குனேன். வண்டு வச்சிருந்தா பேசுவா, சலிச்சுக் குடுப்போம்னு முறத்துல கொட்டுனேன். பொத்துன்னு ஒரு கட்டி விழுந்துச்சு. கல்லு மாதிரி. மாவு ஈரம் பட்டுக் கட்டி பிடிச்சிருச்சுன்னு குப்பையில போடத் தூக்குனேன். கை சரியா அதுல உக்காந்துச்சு. பிடிகொழுக்கட்டையில விரலுத் தடம் இருக்கும்ல, அது மாதிரி. திருப்பிப் பாத்தேன். மூணு தடம் நீளம். ஒண்ணு குட்டை.

கட்டி மேல இருந்த மைதாவ முந்தானையால மெல்லத் தட்டிவிட்டேன்.

அவுக ஊருல தூரம் தொலைவு போறப்ப அப்படித்தான் வைப்பாகளாம். புளிச்ச மாவுல ஒரு பிடி எடுத்து, உருட்டி, காஞ்ச மாவுக்குள்ள பொதைச்சு வச்சிருவாகளாம். ஒண்ணும் ஆகாதாம். மாசக்கணக்குல இருக்குமாம். இதப் பின்னாடி பிரான்சிஸ்சு தம்பிதான் போன்ல சொல்லுச்சு. அவகிட்டச் சொல்லிறாதப்பா, நானே சொல்லிக்குறேன்னுட்டேன். என் தம்பிக்கு அது தெரிஞ்சிருக்கு. என்னையும் தெரிஞ்சிருக்கு. சாவு விழுந்தா அக்கா எதக் கொட்டுவா, எத வைப்பான்னு அவனுக்குத் தெரியாதா? ஈரத்தக் கொட்டுவா, காஞ்சத வைப்பான்னு தெரிஞ்சு, காஞ்சதுக்குள்ள வச்சிருக்கான். எங்கிட்டயே குடுத்தும் வச்சிருக்கான். நான்தான் மைதான்னு நினைச்சுட்டேன்.

அவன் படத்துகிட்ட அத வச்சேன். மூணு நாளு வச்சிருந்தேன். காலையில விளக்கேத்தையில எடுத்து என் விரல அந்தத் தடத்துல வச்சுப் பாப்பேன். குட்டைத் தடத்துல என் சுண்டு விரலு சரியா இருக்கும். நாலாம் நாளு பிரான்சிஸ்சு தம்பி பேசுச்சு, அடுத்த சனிக்கிழமை டிக்கெட்டு போட்டாச்சு அக்கான்னு.

நான் ராவும் பகலும் அந்தக் கட்டியப் பாத்துக்கிட்டே இருந்தேன். கரைச்சாத்தான் மாவு. கரைக்காட்டி வெறும் கல்லு. கரைச்சா தடம் போயிரும். அவன் கைத் தடம்னு இந்த உலகத்துல அது ஒண்ணுதான் மிச்சம் இருக்கு. அந்த விரலு போனதும் என்னால. தடம் போறதும் என்னாலயா? எனக்கு வச்சுக்கணும்னு ஆசை. ஆனா அவன் அத எனக்கு வைக்கல பாப்பா. பத்திரமா வையின்னுதான் சொன்னான், வச்சுக்கன்னு சொல்லல.

கும்பாவுல வெந்நி ஊத்துனேன். கட்டிய உள்ள விட்டேன். மூழ்கிப் போச்சு. கொஞ்ச நேரத்துல மேல் தோலு கொழகொழன்னு ஆச்சு. விரல விட்டுக் கரைச்சேன். முதல்ல குட்டைத் தடந்தான் போச்சு. அப்ப வந்துச்சு பாரு எனக்கு அழுகை. அவன் செத்தன்னைக்கு அழுகல. ராமேஸ்வரத்துல அஸ்தி கரைச்சப்ப, பானையப் பிடிச்சுக்கிட்டு ஐயருகிட்ட அடுத்து என்னன்னு கேட்டுக்கிட்டு நின்னவ நானு. அடுப்பங்கரையில ஒத்தையா உக்காந்து, ஒரு கும்பா மாவுத் தண்ணிக்கு முன்னாடி, ராசாத்தி ஓடி வர்ற அளவுக்கு அழுதேன்.

என்ன பாப்பா அப்படிப் பாக்குற?

அது வேற. அவ அழுதது வேற, நான் அழுதது வேற.

என்ன வேற. ஒண்ணும் வேற இல்ல. ஒன் கண்ணு சொல்லுறது எனக்குத் தெரியுது. நாப்பது தடவ போன் போட்டேன்னு சொன்னேன்ல, இதச் சொல்லத்தான் போட்டேன். பாட்டு மட்டும் கேக்குது அந்தப் பக்கம்.

முதல் நாளு ஒண்ணும் இல்ல. ரெண்டாம் நாளும் இல்ல. சாப்பாடு போட்டேன். எட்டு மாசம் நிலையில நின்னு வயிறெரிஞ்சு பாத்தேன்ல, ஒவ்வொண்ணும் ஞாபகம் இருந்துச்சு. எத்தனை கரண்டி, எம்புட்டுச் சூடு, எந்தப் பக்கம் கிண்டுவான்னு. மூணாம் நாளு சாயங்காலம் ஓரத்துல ஒரு கொப்புளம் வந்துச்சு. ஒரே ஒரு கொப்புளம். நான் அதோட பேசுனேன் பாப்பா. என்ன பேசுனேன்னு கேக்காத.

செங்கல்பட்டு தாண்டிருச்சா? அப்ப அடுத்து தாம்பரந்தான். கதவத் தொறக்காட்டி என்ன பண்ணுவேன். வாசல்ல வச்சுட்டு வந்துருவேனா?

ஒன் போன்ல இருந்தா? எடுப்பாளா? புது நம்பருன்னா எடுப்பா, ஆமா, காகித வேலைக்கு யாராச்சும் கூப்பிடுவாகள்ல. இந்தா நம்பரு, இந்தச் சீட்டுல இருக்கு. நீ போட்டுக் குடு. அடிக்குதா? கொண்டா.

மல்லி. மல்லி, நான்தான். அக்கா. வச்சிறாத. வச்சிறாத தாயி, ஒரு வார்த்தை.

வண்டியில இருக்கேன். தாம்பரத்துக்குத்தான் வர்றேன். சண்டைக்கு வரல. மாவு கொண்டாந்திருக்கேன்.

ஒன் மாவுதான். அதே மாவுதான். இல்ல, நான் புதுசாச் செய்யல, சத்தியமா. மைதா டின்னுக்குள்ள இருந்துச்சு. அவன்தான் வச்சிருந்தான். அவன் கையால பிடிச்சு வச்சிருந்தான் மல்லி. எங்கிட்டச் சொன்னான், எனக்குத்தான் மண்டையில ஏறல. அன்னைக்கு நான் ஒன்னைய அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. கேட்டிருக்கக் கூடாது.

இருக்கியா? ஏதாச்சும் பேசு.

ம்.

ம். போட்டேன். இப்பக் கூடப் போட்டேன், திருச்சியில.

என்னது? சரியாக் கேக்கல, திரும்பச் சொல்லு.

இல்ல. இல்ல தாயி. எல்லாத்தையும் வழிச்சுத்தான் கொண்டாந்திருக்கேன். கும்பாவக் கழுவிக் கவுத்திட்டு வந்துட்டேன்.

ம். சரி. சரிம்மா. ஸ்டேசனுக்கா? வா. வா தாயி.

வச்சுட்டா. அழுகுறா. இந்தா பாப்பா ஒன் போன்.

அவ என்ன கேட்டா தெரியுமா? நான் ஏன் கொட்டுனேன்னு கேக்கல. இத்தனை நாளு கழிச்சு எதுக்கு வர்றேன்னு கேக்கல. "உங்களுக்குக் கொஞ்சம் வச்சீங்களா அக்கா?"ன்னு கேட்டா. இல்லன்னேன். "எப்பவும் கொஞ்சம் வைக்கணும் அக்கா"ங்குறா. "பாதி நீங்க எடுத்துட்டுப் போகணும், வீட்டுல ஒண்ணு இருக்கணும்"ங்குறா.

தாம்பரம் வருது போல, எல்லாரும் எந்திரிக்காக. பாப்பா, நீ புளியோதரை தின்னியே, அந்த டப்பா காலிதான? கழுவி எனக்குத் தருவியா?